முப்பது நாள் கணக்கு

எங்கள் வத்தலக்குண்டு வீட்டில் பிள்ளை பிறந்தால் முப்பது நாள் கணக்கு உண்டு. முப்பதாம் நாள் வீட்டைக் கழுவி, தலைக்கு ஊற்றி, பேர் வைத்த பிறகுதான் பிள்ளை வாசலைத் தாண்டும். மூன்று பேரப்பிள்ளைகள் வரைக்கும் அதில் நான் பிசகியதில்லை.

நாலாவது பேத்தி ஏழாம் மாதமே வந்துவிட்டாள். ஒரு கிலோ முந்நூறு கிராம். ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டுதான் ஆகாது என்று என் மாமியார் சொன்னதைச் சொல்லி மருமகளைத் தேற்றினேன். திண்டுக்கல்லில் மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா சொன்னார்: "பாட்டி, முப்பது நாளைக்குள்ள கண்ணு பார்த்திரணும். வர்ற புதன்கிழமை இங்கேயே கேமரா வருது."

எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பதுக்குள் எடுக்கக் கூடாது என்பது என் கணக்கு, எடுத்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வெளிச்சம் பட்டால் கண்ணைச் சுருக்குகிற பிள்ளைக்கு என்ன குறை?

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். விழித்திரையின் ரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்துக்குப் படர்ந்து முடிய ஏறக்குறைய நாற்பது வாரம் ஆகும். முன்னமே பிறந்த பிள்ளைக்கு அது பாதியில் நின்று, பிறகு தாறுமாறாக வளர்ந்து, திரையையே பிய்த்து இழுத்துவிடலாம். உயிரைக் காக்கக் கொடுக்கிற ஆக்சிஜனும் அளவு மீறினால் இதைத் தூண்டும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கருவிழிக்குள் வெள்ளை தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனால்தான் 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ, எடை இரண்டு கிலோவுக்குக் குறைந்தாலோ பார்க்கச் சொல்கிறார்கள்.

சென்னையில் 1996இல் 29ஆம் வாரம் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் இந்தச் சோதனை நடக்கவில்லை. பார்வை போயிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் 1.80 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணம் கைக்கு வரும்போது அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது தாண்டியிருக்கும்.

இந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்த டாக்டர்கள் கொஞ்சம் பேர், அவர்களும் பெரிய ஊர்களில். பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை பஸ் மாறுவது? பெங்களூரு நாராயண நேத்ராலயா கண் மருத்துவமனை 2008இல் கர்நாடகக் கிராமப்புறங்களில் இந்த அலைச்சலைத் திருப்பிப் போட்டது. பயிற்சி பெற்ற டெக்னீஷியன் கேமராவோடு பிள்ளை இருக்கிற வார்டுக்குப் போவார். படம் இணையத்தில் டாக்டருக்குப் போகும். கோவை அரவிந்த் கண் மருத்துவமனையும் நம் பக்கம் அப்படிச் செய்திருக்கிறது.

இருபத்தாறாம் நாள் சால்வையில் சுற்றி எடுத்துப்போனோம். பாவை விரியச் சொட்டு மருந்து, மரத்துப்போக இன்னொரு சொட்டு, இமையை விலக்கிப் பிடிக்கச் சின்னக் கம்பி. பிள்ளை வீறிட்டாள், மருமகள் வெளியே போய்விட்டாள், நான்தான் நின்றேன். கேமராவின் திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதில் வெற்றிலை நரம்புபோலக் கோடுகள், ஓரத்தில் வெறுமை. எங்கோ இருந்த டாக்டர் அதைப் பார்த்துச் சொல்லியனுப்பினார்: ரெண்டு வாரத்தில் மறுபடி. கோடுகள் ஓரத்தைத் தொடும்வரை நாலு முறை போனோம். லேசர் தேவைப்படவில்லை. பேர் வைத்தது நாற்பத்தொன்றாம் நாள். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

போன மாதம் எதிர்வீட்டில் குறைமாசப் பிள்ளை. "கண்ணு பார்த்தாச்சா?" என்றேன். "முப்பது கழியட்டும் அத்தை." அன்றைக்கு இருபத்திரண்டு. கொடுத்த காபியைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் போனை எடுக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.