நேர்முகத் தேர்வும் நிமிர்ந்த நோக்கும்

'நிறைகுடம் தளும்பாது' என்பது ஒரு பழமொழி. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது மற்றொரு பழமொழி. முன்னது அடக்கத்தைப் போற்றுகிறது. பின்னது பேச்சைப் போற்றுகிறது. வீட்டிலும் பள்ளியிலும் முன்னதையே கேட்டு வளர்ந்த பிள்ளை, வேலை தேடிப் புறப்படும் நாளில்தான் பின்னதன் தேவையை உணர்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரக் கைக்கொள்ளுமாறு ஒருவரைப் பணிக்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே நேர்முகத் தேர்வு நடைபெறும் அறை.

எழுத்துத் தேர்வில் பெற்ற புள்ளிகள் சான்றிதழில் உள்ளன. பிறந்த நாளும் பயின்ற பள்ளியும் விண்ணப்பப் படிவத்தில் உள்ளன. இவ்வளவும் கையில் இருக்க, ஆளை நேரில் அழைப்பது எதற்காக? தாளில் அடங்காதவற்றைக் காண்பதற்காகவே. இவர் பிறரோடு இணங்கிப் பணியாற்றுவாரா? இடர் வந்தால் தளர்ந்து நிற்பாரா, வழி தேடுவாரா? தெரிந்ததைப் பிறர்க்குத் தெளிவாக எடுத்துரைப்பாரா? தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்வாரா? இவ்வினாக்களுக்கு விடை தேடியே மேசைக்கு அப்பால் தேர்வாளர்கள் அமர்ந்திருக்கின்றனர்.

ஆளறிந்து தேர்ந்தெடுத்தல் அவர்களுக்கும் எளிய செயலன்று. அதன் அருமை கருதியே வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வகுத்தார். 1998 ஆம் ஆண்டில் சிமிட், ஹண்டர் என்னும் உளவியலறிஞர் இருவர், ஆள்தேர்வு பற்றி 85 ஆண்டுகளாக நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். மனம்போன போக்கில் உரையாடி முடிவெடுக்கும் நேர்காணலைவிட, விண்ணப்பித்தோர் அனைவரிடமும் ஒரே வகையான வினாக்களை முறையாகக் கேட்டு மதிப்பிடும் நேர்காணலே, ஒருவர் பின்னர் எவ்வாறு பணிபுரிவார் என்பதைச் சிறப்பாக முன்னுணர்த்துகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. எல்லாம் முகராசியைப் பொறுத்தது என்று எண்ணிச் சோர்வோர் இதனைக் கருதுதல் வேண்டும். முறையாகக் கேட்கப்படும் வினாவிற்கு முறையாக ஆயத்தம் செய்தல் இயலும்.

ஆயினும், மலேசியத் தமிழிளைஞர் பலர்க்கு இவ்வாயத்தம் நூலறிவோடு முடிந்துவிடவில்லை. அவர்கள் கடக்க வேண்டியிருந்த தடை ஒன்று, அவர்தம் பாட்டன்மார் காலத்திலேயே வேரூன்றியது.

இரப்பர்த் தோட்டங்களில் பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் ஆள்கணக்கு எடுக்கப்பட்டது. அங்கே பெயர் அழைக்கப்பட்டால் குரல் கொடுப்பதுதான் தொழிலாளி பேச வேண்டிய பேச்சு. கங்காணிக்கு அஞ்சி, கிராணிக்கு அஞ்சி, துரைக்கு அஞ்சி நின்றவர்கள் தலைகுனிவையே மரியாதை எனக் கற்றனர். நிமிர்ந்து பார்த்தால் திமிர். மறுமொழி கூறினால் எதிர்ப்பேச்சு. 1941 ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று இன்று வியப்பைத் தரும். துரைமார் முன்னும் தோட்ட அதிகாரிகள் முன்னும் மிதிவண்டியை விட்டு இறங்காமலே செல்ல உரிமை வேண்டும் என்பதே அது. ஊதிய உயர்வு கேட்ட அதே பட்டியலில் அவர்கள் இதனையும் சேர்த்தனர் என்றால், குனிந்து நிற்றல் அவர்தம் நெஞ்சை எவ்வளவு வருத்தியிருக்க வேண்டும்!

சட்டங்கள் மாறின, 1957 இல் நாடும் விடுதலை பெற்றது. ஆனால், உடம்பில் ஊறிய பழக்கம் ஒரு நாளில் அகல்வதில்லை. தந்தை பெரட்டுக் களத்தில் நின்றது போலவே மகன் நேர்முகத் தேர்வு அறையில் நின்றான். அவன் அடக்கமானவன் என்று வீட்டார் மகிழ்ந்தனர்; அவனிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை போலும் என்று தேர்வாளர் எண்ணினர். இருவர் நோக்கும் ஒரே மௌனத்தின் மீது பட்டதுதான். பொருள் மட்டும் வேறுபட்டது.

எழுபதுகளில் இத்தகைய தோட்டம் ஒன்றிலிருந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்த ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். அவளைப் போன்றோர் அக்காலத்தில் பலர் இருந்தனர். ஐந்தாம் படிவத் தேர்வில் அவளுடைய தேர்ச்சி குறைவுடையதன்று. "உங்களைப் பற்றிக் கூறுங்கள்" என்று தேர்வாளர் கேட்கிறார். பெயர், தந்தை பெயர், தோட்டத்தின் பெயர், உடன்பிறந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லி நிறுத்துகிறாள். "ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்னும் வினாவிற்குப் புத்தகம் படிப்பேன் என்கிறாள். எந்தப் புத்தகம் என்ற அடுத்த வினாவிற்கு விடையில்லை. "ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள்?" என்றதும், ஆசிரியத் தொழில் புனிதமானது என்று மனனம் செய்த வாக்கியம் ஒன்று வருகிறது. அன்று காலையிலிருந்து அதே வாக்கியத்தைப் பலரிடம் கேட்டுவிட்ட தேர்வாளர் எழுதுகோலைக் கீழே வைக்கிறார். பின்னர் நன்றி கூறி அனுப்பிவிடுகிறார். அவ்வாண்டு அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

அவள் சொல்லாமல் விட்டது என்ன? மூன்று ஆண்டுகளாக மாலைதோறும் லயத்து வீட்டு வாசலில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரை அமர்த்தி அவள் பாடம் சொல்லிவந்தாள். கணக்கு வராத சிறுவனுக்கு இரப்பர் விதைகளைப் பொறுக்கிவந்து பத்துப் பத்தாகக் குவித்துக் காட்டினாள். எழுத்துக் கூட்டத் தெரியாத சிறுமிக்கு அவள் தம்பியின் பெயரிலிருந்தே எழுத்துகளைக் கற்பித்தாள். விடுமுறை நாட்களில் தாயுடன் மங்கு துடைக்கப் போன வேளையிலும், அடுத்த நாள் எதைச் சொல்லித்தருவது என்றே எண்ணிக்கொண்டிருந்தாள். ஆசிரியராகத் தகுதி உண்டா என்ற வினாவிற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேறு எது? ஆனால், அதனைத் தகுதி என்று அவள் கருதவேயில்லை. "அதைப் போய் அங்கே சொல்வதா, ஐயா? சும்மா திண்ணையில் சொல்லிக்கொடுத்ததுதானே?" என்றுதான் தோட்டத்துப் பெரிய வாத்தியாரிடம் அவள் பின்னர்க் கேட்டிருப்பாள்.

"அதைத்தான் அம்மா சொல்ல வேண்டும்" என்பதே விவரமறிந்த பெரிய வாத்தியார் எவரும் கூறியிருக்கக்கூடிய மறுமொழி. நேர்முகத் தேர்விற்கான ஆயத்தம் முழுவதும் அவ்வொரு தொடரில் அடங்கியுள்ளது. செய்யாததைச் செய்ததாகக் கூறுதல் தற்பெருமை. செய்ததைச் செய்தவாறே கூறுதல் தற்பெருமையன்று. அது கேட்டவர்க்கு அளிக்கும் கணக்கு. நிறைகுடம் தளும்ப வேண்டுவதில்லை. ஆயினும், நீர் கேட்டு வந்தவர்க்குச் சாய்ந்து கொடுத்தல் வேண்டும்.

அவ்வாறு கூறுவதற்கும் முறை உண்டு. தன் வாழ்வில் நிகழ்ந்த நான்கைந்து நிகழ்ச்சிகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு கூறாக எழுதிப் பார்த்தல் நலம். சூழல் யாது? அதில் தன் பொறுப்பு யாது? தான் செய்தது யாது? அதன் விளைவு யாது? பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்பது சூழல். கற்பிக்க ஏற்றுக்கொண்டது பொறுப்பு. விதைகளைக் குவித்துக் காட்டியது செயல். அவன் தானே கூட்டவும் கழிக்கவும் கற்றது விளைவு. இவ்வாறு வகுத்துக்கொண்டால் இரண்டு நிமிடங்களில் தெளிவாகச் சொல்லி முடிக்கலாம். பொறுமை உண்டு, அன்பு உண்டு என்று அவள் தன்னைப் பற்றி உரைக்க வேண்டுவதில்லை. கேட்போர் தாமே உணர்ந்துகொள்வர்.

எழுதினால் மட்டும் போதாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் பயின்ற மாணவர், புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்தே இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த காலம் அது. 1967 ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டத்திற்குப் பின்னர் மலாய்மொழி அரசு அலுவல்களில் முதன்மை பெற்றது. அம்மொழியில் கட்டுரை எழுதத் தெரிந்த பிள்ளைகள் பலர்க்கு, அதில் அதிகாரி ஒருவரோடு உரையாடிப் பழக்கமில்லை. கண்ணால் கற்ற சொல் நாவிற்கு வரத் தாமதமாகும். ஆகவே, இரு நண்பர்கள் தேர்வாளராக அமர, ஒருவர் கதவைத் தட்டி உள்ளே வருவதிலிருந்து ஒத்திகை பார்ப்பது பெரும்பயன் தரும். முதல் நாள் நகைப்பாக இருக்கும். நாலாம் நாள் குரல் நடுங்குவது நிற்கும்.

விண்ணப்பித்த பணியைப் பற்றி அறிதல் மற்றொரு கடமை. அரசுப் பணிகளுக்கு ஆள் தெரிந்தெடுக்கப் பொதுச் சேவை ஆணையம் 1957 இல் அமைந்தது. ஆசிரியர் நியமனத்திற்கெனக் கல்விச் சேவை ஆணையம் 1974 முதல் இயங்கிவருகிறது. எந்த அமைப்பு அழைக்கிறது, எந்தப் பணிக்கு அழைக்கிறது, அப்பணியில் அன்றாடம் செய்ய வேண்டியவை எவை என்பனவற்றை அறியாமல் செல்வோர், வழி கேளாமல் பயணம் புறப்பட்டவரை ஒப்பர். அப்பணியில் இருப்பவர் ஒருவரைக் கண்டு அரை மணி நேரம் உரையாடினாலே பல ஐயங்கள் நீங்கும். சான்றிதழ்களை வரிசையாக அடுக்கிக் கோப்பில் வைத்தல், தூய எளிய உடை, குறித்த நேரத்திற்கு முன்னரே சென்று சேர்தல் ஆகியவை யாவரும் அறிந்தவை. தோட்டத்திலிருந்து நகரம் செல்லும் முதற்பேருந்து தாமதமாகக்கூடும் என்று கருதி, முதல் நாளே உறவினர் வீட்டில் சென்று தங்கியவர்கள் அக்காலத்தில் இருந்தனர்.

தான் செய்ததைப் பிறர்க்குப் புலப்படுமாறு சொல்லும் திறனின் அருமையைக் கணிதமேதை இராமானுசன் வாழ்வு காட்டும். 1910 ஆம் ஆண்டில் அவர் கல்லூரித் தேர்வில் தேறாதவர், வேலையற்றவர். கையில் இருந்தவை கணக்குக் குறிப்பேடுகள் மட்டுமே. அவற்றை ஏந்தி, நெல்லூரில் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவிடம் சென்றார். தொடக்கத்தில் அவர் கூறியவை ஆட்சியர்க்கு விளங்கவில்லை. பின்னர் இராமானுசன் எளிய முடிவுகளை முதலில் காட்டினார். அவை விளங்கியபின் ஒவ்வொரு படியாக அரியவற்றிற்கு அழைத்துச் சென்றார். கேட்டவர் ஐயம் நீங்கி உதவ முன்வந்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி அவருக்கு அமைந்தது. மேதையும் எளியதில் தொடங்கியே அரியதை விளக்க வேண்டியிருந்தது என்பதை மாணவர் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

தெரியாத வினா வந்தால் என் செய்வது? கண்டுபிடிப்பாளர் எடிசன் தம்மிடம் வேலை கேட்டு வந்தோர்க்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறிவு வினாக்களைக் கொடுத்துச் சோதித்தார். 1921 இல் அமெரிக்கா சென்றிருந்த ஐன்ஸ்டீனிடம் அவற்றுள் ஒன்றான ஒலியின் வேகம் பற்றிய வினா கேட்கப்பட்டது. நூல்களில் எளிதில் கிடைக்கும் செய்தியைத் தாம் நினைவில் சுமப்பதில்லை என்ற கருத்தில் அவர் விடை கூறினார். வேலை தேடும் இளைஞர் அவ்வாறே மறுமொழி கூறுதல் பொருந்தாது. எனினும், தெரியாது என்பதை நாணமின்றிக் கூறி, எங்கே தேடி அறியலாம் என்பதையும் உடன் கூறுவது, பொய்யாக ஒரு விடையைப் புனைவதினும் மேலானது.

2020 இல் பெருந்தொற்று பரவிய பின்னர், நேர்காணல்கள் பல கணினித் திரை வழியே நடைபெறத் தொடங்கின. அறை மாறினாலும் வினாவின் உள்ளீடு மாறவில்லை. நீ யார், என்ன செய்தாய், எங்களோடு சேர்ந்து என்ன செய்வாய் என்பனவே இன்றும் கேட்கப்படுகின்றன.

இவ்வளவு ஆயத்தம் செய்தும் சிலர்க்கு இடம் கிடைக்காமற் போகலாம். இடங்கள் சில, விண்ணப்பித்தோர் பலர். மறுக்கப்பட்டோர் அனைவரும் தகுதியற்றோர் என்று கொள்வது பிழை. ஆயினும், தன்னைப் பற்றி உண்மையைத் தெளிவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தவருக்கும், சொல்லாமலே வந்தவருக்கும் வேறுபாடு உண்டு. முன்னவர் அடுத்த கதவைத் தட்டுவார். அந்த மாணவியைப் போன்றோர் மறு ஆண்டில் மீண்டும் விண்ணப்பித்து, திண்ணைப் பாடத்தையும் இரப்பர் விதைகளையும் பற்றிச் சொல்லி இடம்பெற்றபோது, அவர்களிடம் புதிய தகுதி எதுவும் சேர்ந்திருக்கவில்லை. இருந்ததை எடுத்துரைக்கும் துணிவே சேர்ந்திருந்தது.

அத்துணிவை அழைப்புக் கடிதம் வந்த பின் ஒரு வாரத்தில் ஊட்டுதல் அரிது. அது வகுப்பறையில் வளர வேண்டியது. சரியான விடை கூறிய மாணவனிடம் "எவ்வாறு கண்டாய்?" என்று ஆசிரியர் மேலும் ஒரு வினா கேட்டால், அதுவே முதல் நேர்முகத் தேர்வு. திக்கித் திணறும் பிள்ளை வாக்கியத்தை முடிக்கும்வரை அவர் பொறுத்திருந்தால், அதுவே முதல் வெற்றி. மாணவர் மன்றத்தில் கூட்டக் குறிப்பு வாசித்தல், கண்ட காட்சியைப் பிறர் முன் விவரித்தல், செய்த வேலைக்குக் கணக்குச் சொல்லுதல் ஆகிய யாவும் அப்பயிற்சியே. பெரியோர் முன் பணிவு வேண்டும். பணிவோடு நிமிர்ந்து நோக்கிப் பேசவும் இயலும் என்பதை ஆசிரியர் தம் வகுப்பில் காட்டுதல் வேண்டும். அதனைத் தொடங்க அரசு ஆணை எதுவும் வர வேண்டுவதில்லை. நாளைக் காலை முதற்பாட வேளையே போதும்.