ஈயப் படையைத் துலக்குகிறவர்கள்

ஈயமும் அழுகும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பழைய போர் விளையாட்டுப் பொம்மைகளைச் செப்பனிடும் அந்தப் பெரியவர் எனக்கு முதலில் காட்டியது அதைத்தான். யாரோ ஒருவர் வீட்டு ஓக் மர அலமாரியில் முப்பது வருடங்களுக்கு மேல் கிடந்த கோப்ளின் படை அவரிடம் வந்திருந்தது. கட்டைவிரலின் மேல்கணு உயரமே உள்ள குட்டிப் பூதங்கள். சிலவற்றின் கால்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. எடுத்துப் பார்க்கக் கையை நீட்டினேன். "கையுறை இல்லாமல் வேண்டாம்" என்று தடுத்துவிட்டார்.

ஓக் மரத்திலிருந்து அசிட்டிக் அமில ஆவி மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். மூடிய அலமாரியில் அது ஈயத்தைத் தின்னும். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து உலோகத்தை ஈயக் கார்பனேட்டாக மாற்றிவிடும். ஒரு காலத்தில் ஓவியர்கள் வெள்ளை வண்ணத்துக்குப் பயன்படுத்திய நச்சுப் பொருளும் இதே வகைதான். காய்ந்த நிலையில் தேய்த்தால் பொடி மூச்சில் ஏறும் என்பதால், அவர் எதையும் நனைத்தே தேய்க்கிறார். துடைத்த துணியைத் தனிப் பையில் கட்டிவிடுகிறார். அரிப்பு ஆழமாக இறங்கியிருந்தால் கணுக்கால் கையோடு வந்துவிடுகிறது.

இந்தக் கோப்ளின்கள் 'வார்ஹாமர்' படையைச் சேர்ந்தவை. மேசைமேல் அணிவகுத்து, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி மோதும் அந்த விளையாட்டு 1983-இல் வெளிவந்தது. பொம்மைகளை வார்த்த சிட்டாடல் நிறுவனம், 1970-களின் இறுதியில் பக்கத்திலுள்ள நியூவார்க்கில் பிரையன் ஆன்செல் தலைமையில் தொடங்கியது. 1975-இல் லண்டனில் பிறந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப்தான் அதற்குப் பின்பலம். இன்று கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகமே நாட்டிங்ஹாமின் லென்டன் பகுதியில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து தனித்தனியாகத் தொழில் தொடங்கினார்கள்: ஃபவுண்ட்ரி, பெரி, வார்லார்ட், மான்டிக். உலோகப் பொம்மை வார்ப்பு இவ்வளவு நெருக்கமாக நடக்கும் வட்டாரம் வேறெங்கும் இல்லை என்று பெரியவர் அடித்துச் சொல்கிறார்.

பழைய வண்ணத்தைக் கழற்ற அவர் பயன்படுத்துவது டெட்டால். வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலில் பத்துப் பன்னிரண்டு கோப்ளின்கள் இரவு முழுக்க ஊறுகின்றன. காலையில் எடுத்துக் குழந்தைகளின் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால், வண்ணம் சேறுபோல இளகி வரும். இந்தக் கட்டத்தில் தண்ணீர் பட்டுவிடக் கூடாது. பட்டால் அத்தனையும் பிசினாகி, மடிப்புகளில் ஒட்டிக்கொண்டு வரவே வராது. முதல் அலசலும் டெட்டாலில்தான். சோப்பும் தண்ணீரும் அதற்கு அப்புறம். பொம்மைகளை வைத்து விளையாடிய பையன்கள் ஹம்ப்ரால் எனாமல் வண்ணத்தைத் தடிப்பாகப் பூசியிருந்தால் டெட்டால் போதாது, அசிட்டோன் வேண்டும். அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் கேடயங்களை முன்னதாகவே பிரித்து வைத்துவிடுகிறார்.

தேய்க்கத் தேய்க்க உள்ளே இருந்த முகம் வெளிவருவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பச்சைப் பூச்சுக்குள் வெறும் மேடாகத் தெரிந்த இடத்தில் வளைந்த மூக்கு, அதன்மேல் ஒரு மரு, பல் விழுந்த ஈறு. கோப்ளின்களுக்கென்றே பேர்பெற்ற கெவ் ஆடம்ஸ் போன்ற சிற்பிகள், ஒரே வகைப் பொம்மையிலும் முகத்துக்கு முகம் தனிக் குணம் வைத்தார்கள். கம்பி எலும்புக்கூட்டின்மேல் எபாக்சி மாவை அப்பி, ஊசி அளவுக் கருவியால் அழுத்தி அழுத்தி உருவாக்கிய வேலை. அந்த மூலச் சிற்பத்தை ரப்பர்த் தட்டுகளுக்கு நடுவே வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து அச்செடுப்பார்கள். அச்சின் இறுக்கத்தில் மூலம் பல சமயம் சிதைந்துபோகும். அப்படிப் போனவற்றின் நுணுக்கம் இப்போது வார்ப்புகளில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

பெரியவருக்கு மிகப் பிடித்த சிற்பிகள் ஆலன் பெரி, மைக்கேல் பெரி என்ற இரட்டையர்கள். 1996-இல் பிரான்சின் கிரெசியில், பழங்காலப் போரை நடித்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்றில் நேர்ந்த பீரங்கி விபத்தில் மைக்கேல் வலது கையை இழந்தார். வலது கையால் செதுக்கிப் பழகியவர். பிறகு இடது கையால் பழகி, மறுபடி செதுக்க வந்தார். இதைச் சொல்லும்போது பெரியவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். அந்த விபத்துக்குப் பிறகு செய்த குதிரைவீரன் ஒருவனை என் உள்ளங்கையில் வைத்து, கடிவாளத்தைப் பார்க்கச் சொன்னார். எந்தக் கை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அவருடைய நண்பரின் வார்ப்புக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். வட்டமான ரப்பர் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். ஓரத்தைச் சுற்றிப் பொம்மைக் குழிகள், நடுவிலிருந்து அவற்றுக்கு வாய்க்கால்கள். அச்சு வேகமாகச் சுழலும்போது நடுத்துளையில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுழற்சி விசை அதைக் கத்தி நுனிவரை தள்ளிக்கொண்டு போகிறது. பழைய கலவையில் ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் இருந்தன. ஆண்டிமனி சேர்ந்தால்தான் உலோகம் கெட்டிப்பட்டு நுணுக்கத்தைப் பிடிக்கும். குழந்தைகளின் உடல்நலம் குறித்த கவலையால் 1990-களில் இந்தத் தொழில் ஈயத்தைக் கைவிட்டு வெள்ளீயக் கலவைக்கு நகர்ந்தது. ரப்பர் அச்சு சூட்டில் தேயும். அதனால் புது அச்சில் விழுந்த முதல் பொம்மைகளுக்கு மதிப்பு அதிகம்.

ஒடிந்த உறுப்பை ஒட்டுவதற்குப் பசை மட்டும் போதாது. ஒரு மில்லிமீட்டர் துளையைக் கைத்துரப்பணத்தால் இரண்டு பக்கமும் போட்டு, பித்தளைக் கம்பியைச் செருகிப் பிறகுதான் ஒட்டுகிறார். இடைவெளியை அடைக்க எபாக்சி மாவு. அரித்துப்போன விரல்களைச் சில நேரம் முழுசாகவே செய்துவைக்க வேண்டியிருக்கிறது.

வண்ணம் தீட்டுவது அவர் மகள். ஒற்றைப் பொம்மைக்கு வண்ணம் அடிப்பது வேறு, படைக்கு அடிப்பது வேறு என்பது மகள் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. ஒன்றை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவதில்லை. இருபது கோப்ளின்களுக்கும் தோல், அப்புறம் இருபதுக்கும் தோல்கச்சை, அப்புறம் இரும்பு. வண்ணத்தைத் தண்ணீர் விட்டு இளக்கி, மெல்லிய பூச்சாகப் பல முறை. நீர்த்த கருமையைப் பள்ளங்களில் ஓடவிட்டு, மேடுகளை வெளிர்நிறத்தால் தொட்டெடுக்கிறார். மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் கண்ணுக்கு அணி முழுவதும் ஒரே படையாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் குனிந்து பார்ப்பவருக்கு அந்த மருவும் தெரிய வேண்டும்.

நானும் பெரியவரும் கருத்து வேறுபட்டது ஒரே இடத்தில். சிறுவர்கள் அடித்த வண்ணம் சிற்பியின் வேலையை மூடிய அழுக்கு என்பது அவர் கட்சி. என்னால் அதை ஏற்க முடியவில்லை. சிற்பியின் கோப்ளின் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டது. தடிமனான பச்சையும் கோணலான கண்ணும் இந்த ஒன்றில் மட்டுமே இருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணை வைத்திருப்பான். அதைப் பாட்டிலில் போட்டால் திரும்ப வராது. இதை அவரிடம் அப்படியே சொன்னேன். "அழுகல் இருந்தால் வண்ணத்தைக் கழற்றாமல் காப்பாற்ற வழியில்லை. நல்லவற்றைப் பற்றி உடையவர்தான் சொல்ல வேண்டும்" என்றார். அன்று சாயங்காலமே அழுகியவை ஒரு பக்கம், நல்லவை ஒரு பக்கம் என்று பிரித்துவைத்துத் தொலைபேசியில் கேட்டார்.

எல்லாவற்றையும் கழற்றிவிடலாம், மறுபடி விளையாடத்தான் கொடுத்திருக்கிறேன் என்றார் உடையவர். கொடி பிடித்தவனை மட்டும் தொடக் கூடாது. அது அவருடைய காலஞ்சென்ற அண்ணன் அடித்தது.

அப்படியானால் ஒரே அணியில் இரண்டு பச்சை நிற்கும். மகள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொடிக்காரனைச் சன்னல் பக்கம் நிறுத்தி, அவனுடைய எனாமல் பச்சைக்கு ஈடாக அக்ரிலிக் வண்ணங்களைச் சொட்டுச் சொட்டாகக் கலக்க ஆரம்பித்தார். மஞ்சள் கூடினால் பச்சை வெளிறுகிறது, பழுப்பு கூடினால் சாகிறது. வெள்ளைத் தகட்டில் தீற்றி, முழுக்கக் காயும்வரை பொறுத்துப் பார்த்தார். காய்ந்தால் நிறம் ஒரு படி இறங்கும் என்று, அடுத்த கலவையை ஒரு படி தூக்கலாகவே கலந்தார். கடைசியில் பொருந்தியதும், மொத்தப் படைக்கும் தேவைப்படுவதைவிட அதிகமாகவே கலந்து புட்டியில் அடைத்துச் சொட்டுக் கணக்கைச் சீட்டில் எழுதி ஒட்டினார். பாதியில் தீர்ந்துபோனால் அதே பச்சை இன்னொரு தடவை கிடைப்பது சந்தேகம்.