தங்கசாலையிலிருந்து ராயபுரம் வரை

டிசம்பர் 20, சனி

பாரிமுனை என்றால் எனக்கு ஆண்டர்சன் தெருதான். அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க அப்பாவோடு கடை கடையாக ஏறி இறங்கிய தெரு. வேலை முடிந்ததும் பஸ் பிடித்து மாம்பலம் வந்துவிடுவோம். அதற்கு அடுத்த தெருக்களை இன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். மார்கழிக்காக ஏற்பாடு செய்த ‘சாப்பாடும் சங்கீதமும்’ நடை. கூட்டிப்போனவர் மிருதங்கம் படித்தவர். தங்கசாலைத் தெரு முனையில் எங்களை நிறுத்தி, “முதல்ல வயிறு, அப்புறம் காது” என்றார்.

முறுக்கு சாண்ட்விச் சாப்பிட்டோம். உள்ளங்கை அகல முறுக்கு இரண்டு, நடுவே தக்காளி, வெள்ளரி வட்டங்கள், பச்சைச் சட்னி, மேலே மசாலாப்பொடி. சட்னி ஊறி முறுக்கு நமத்துப்போவதற்குள் தின்றுவிட வேண்டும். நம் முறுக்கையும் சௌகார்பேட்டை வடநாட்டுக் குடும்பங்களின் சட்னியையும் சேர்த்துவைத்தவர் யாரோ, அவருக்குக் கை குலுக்கத் தோன்றியது. பிறகு சூடான ஜிலேபி, பாதாம் பால்.

அங்கிருந்து ராமகிருஷ்ண செட்டித் தெரு. வீணை தனம்மாள் (1867–1938) வாழ்ந்த தெரு. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவர் வாசிப்பைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். விரலில் மீட்டுக்கம்பி மாட்டாமல் நகத்தாலேயே மீட்டுவாராம். சத்தம் வந்தால் வாசிப்பை நிறுத்திவிடுவாராம். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு மீன்பாடி வண்டி திரும்ப வழியில்லாமல் ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன. வழிகாட்டி ஆளுக்கு ஒரு இயர்போன் தந்து, 1930களில் பதிவான அவர் இசைத்தட்டைப் போட்டார். கரகரப்புக்கு அடியிலிருந்து வீணை மெல்ல மேலே வந்தது. எந்த அவசரமும் இல்லாத வாசிப்பு. தெருவோடு போன ஒரு சுமைதூக்கும் பெரியவர் எங்களைப் பார்த்து, “இன்னா கேக்குறீங்க?” என்றார். இயர்போனைக் கொடுத்தேன். மூட்டையை இறக்காமலே கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “வீணையா? நல்லாக்குது” என்று திருப்பிக் கொடுத்துப் போனார்.

டிசம்பர் 21, ஞாயிறு

விடியும் முன் மயிலாப்பூர். மாடவீதி பஜனை. பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய வழக்கத்தை இன்னும் விடாமல் காப்பாற்றுகிறார்கள். முடிவில் தொன்னையில் வெண்பொங்கல், மிளகும் நெய்யுமாக. எனக்குத் தெரிந்த மயிலாப்பூர்தான், ஆகவே அதிகம் எழுதவில்லை. நேற்றைய தெருக்கள்தான் நினைப்பில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

டிசம்பர் 23, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு மியூசிக் அகாடமிக்குப் போனேன். கேன்டீன் வரிசையில் நிற்கும்போதெல்லாம் சனிக்கிழமை கேட்டதே மனதில் சுற்றியது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928இல் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசன் வந்த வழி இது. ஆனால் சங்கீதம் இந்த ஊருக்குள் வந்த வழி துறைமுகப் பக்கம். 1855இல் தஞ்சாவூர் அரசு முடிந்த பிறகு வித்வான்கள் பலர் பிழைப்புத் தேடி இங்கே வந்தார்கள். அவர்களை ஆதரித்தவர்கள் துபாஷிகளும் வணிகர்களும். அதற்கும் முன்பே தியாகராஜர் வந்து தங்கியது பந்தர் தெருவில், கோவூர் சுந்தர முதலியார் வீட்டில். அவருடைய சீடர் வீணை குப்பய்யர் முத்தியால்பேட்டைக்காரர். மளிகை மண்டிகளுக்கு நடுவே வளர்ந்த கலை இது. சபாக்கள் தெற்கே நகர்ந்த பிறகு நாம் அந்தப் பக்கத்தை மொத்த வியாபாரத்துக்கு மட்டும் நினைக்கிறோம். இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். “யானைக்கவுனியில திருக்குடை பார்க்கத்தான் நான் அந்தப் பக்கம் போயிருக்கேன். வீணையெல்லாம் எனக்கு யாருடி சொன்னா?” என்றாள்.

டிசம்பர் 27, சனி

இரண்டாவது நடை, பர்மா பஜார் பக்கம். 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு பர்மாவில் கடை கண்ணியை இழந்து கப்பலேறி வந்த தமிழர்கள், தங்களோடு கொண்டுவந்த சாப்பாடு அத்தோ. தள்ளுவண்டிக்காரர் கையாலேயே பிசைந்தார். தடித்த நூடுல்ஸ், சன்னமாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு மணக்கும் எண்ணெய், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூள், கடைசியில் பொரித்த தட்டையை நொறுக்கித் தூவல். கூடவே மிளகு போட்ட வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுகிறார். புளிப்பும் மொறுமொறுப்பும் சேர்ந்த இந்த ருசியை இத்தனை வருஷம் சென்னைக்காரியாக இருந்து நான் அறியவில்லை என்பதே ஆச்சரியம்.

பிறகு ராயபுரத்தில் கானா. ஒரு வீட்டு வாசலில் நாலு பையன்கள், ஒரு டோலக், ஒரு சில்வர் குடம். அவர்களில் மூத்தவன் அம்மாவைப் பற்றிப் பாடினான். உச்சஸ்தாயியில் குரல் உடையும் என்று நினைத்த இடத்தில் அது உடையாமல் நீண்டது. வடசென்னையின் தலித், உழைக்கும் மக்கள் வளர்த்த பாட்டு இது. 2018இல் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது பேப்பரில் படித்திருக்கிறேன். அந்த மேடைக்கு வெகு காலம் முன்பே சாவு வீடுகளில் விடிய விடிய ஒலித்த பாட்டு.

“சாவு வூட்ல பாடுறது எதுக்கு, துக்கத்தை ஆத்தவா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. அழாம இறுகிப்போய் குந்தினு இருப்பாங்க பாரு, அவங்கள அழவெக்கத்தான்.”

அப்பா போன அன்று அம்மா அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அவனிடம் சொன்னேன். இன்னொரு பாட்டு பாடினான். சினிமாவில் கேட்ட துள்ளல் எதுவும் அதில் இல்லை. குடத்தில் தட்டியவன்கூட ஒற்றை விரலால்தான் தட்டினான். தனம்மாளைக் கேட்கும்போது இருந்த அதே கவனத்தோடு எல்லோரும் கேட்டோம். சபாவில் இந்தக் குரலுக்கும் ஒரு மாலைக் கச்சேரி நேரம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

ஜனவரியில் திருவொற்றியூர் நடை இருக்கிறதாம். தியாகராஜர் பஞ்சரத்தினம் பாடிய ஊர். அம்மாவுக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டேன். முட்டி வலிக்கு நடுநடுவே உட்கார ஒரு மடக்கு நாற்காலி வேண்டும், அதை நடை நடத்துபவர்களே கொண்டுவருவதாகச் சொன்னார்கள்.