யாருடைய அறை வெப்பநிலை?

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் கிழமைக்கொருக்கா தந்த இரும்புச்சத்துக் குளிசையின் நெடி ஞாபகமிருக்கிற எல்லோருக்கும் இதில் பங்கிருக்கு. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அதை விழுங்குவதே பெரும்பாடு.

அந்தச் சுவையை மறைக்க ஒரு வழி, மருந்துக் கரைசலைக் கொழுப்புக்குள் பூட்டி வைப்பது. விஞ்ஞானபீடத்து நண்பி ஒருத்தி எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். முதலில் உருகிய கொழுப்புக்குள் கரைசலை நுண்ணிய துளிகளாகக் கலப்பார்கள். பிறகு வளிமண்டல அமுக்கத்தைப் போல 100 மடங்களவு அமுக்கத்தில் காபனீரொட்சைட்டைச் செலுத்த, அது கொழுப்பில் கரையும். அப்படியே ஒரு சின்னத் துவாரத்தால் விசிறுவார்கள். அமுக்கம் சட்டென்று குறைய, சோடாப் போத்தலைத் திறந்தமாதிரி வாயு விரிந்து வெளியேறும். அந்த விரிவே எல்லாவற்றையும் குளிரவைக்கும். கொழுப்பு அந்தக் கணத்திலேயே உறைந்து, துளிகளை உள்ளே பிடித்துக்கொண்டு தூளாகக் கொட்டும்.

கொழுப்பு உறைவது எங்களுக்குப் புதிதில்லை. தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையும். நுவரெலியாவில் போத்தலுக்குள் வெள்ளையாய் இறுகிக் கிடக்கும். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் தண்ணியாய்த்தான் இருக்கும்.

பிரச்சினையும் இங்கேதான். ஆய்வுகூடத்தில் 'அறை வெப்பநிலை' என்றால் வழமையாக 20 முதல் 25 பாகை. சித்திரை மாதத்து மட்டக்களப்பில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது என்ன அறை? கொக்கோ வெண்ணெய் 35 பாகைக்குள்ளேயே உருகிவிடும். முழுதாக ஐதரசனேற்றிய பாமெண்ணெய் 50 பாகையையும் தாங்கும். ஆனால் அவ்வளவு இறுகிய கொழுப்பைக் குடல் இலேசில் கரைக்காது. உள்ளே இருக்கிற இரும்பில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போய்விடலாம். வெயிலில் நிற்கவும் வேணும், வயிற்றுக்குள் திறக்கவும் வேணும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கொழுப்பைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை.

"குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று பெட்டியில் அச்சடிப்பது சுகம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அது எந்த இடம்? கொழுப்பைத் தெரிவுசெய்கிறவர் யாருடைய வீட்டை மனதில் வைத்துச் செய்கிறார்?

இதைக் கேட்க இரசாயனவியல் படித்திருக்கத் தேவையில்லை. அடுத்தமுறை யாராவது புதிய தூள் மருந்தொன்றைப் பற்றிப் பெருமையாகச் சொன்னால், கையை உயர்த்தி ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இது எத்தனை பாகையில உருகும்?"