ஒரே ரயில் பாதை, இரண்டு குரங்குகள்

தீப்பெட்டி ஆலையின் பெயரைச் சுமந்து நிற்கும் ஊர் விம்கோ நகர். 2021-ல் இங்கே மெட்ரோ வந்த பிறகு, திருவொற்றியூர்க்காரர்கள் ரயில் மாறாமலேயே விமான நிலையம் வரை போய்விடலாம். அந்த நீல வழித்தடத்தில் இரண்டு குரங்குகளின் கதையும் இருக்கிறது.

முதலாவது, கிண்டியில். தேசியப் பூங்காவை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்து மரங்களில் தாவித் திரியும் நம் நாட்டுக் குரங்கு. உச்சந்தலையில் குல்லாய் கவிழ்த்தது போல முடி. தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் இதற்குக் காடு கிடையாது.

இரண்டாவது, கடைசி நிறுத்தத்தில். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளைச் சுங்கத்துறையினர் திறந்தபோது, 45 மலைப்பாம்புகளோடு 3 மார்மோசெட் குரங்குகளும் இருந்தன. எல்லாம் பாங்காக்கிலிருந்து கடத்தி வரப்பட்டவை. திரும்ப அங்கேயே அனுப்பப்பட்டன.

மார்மோசெட்டின் பூர்வீகம் தென் அமெரிக்கா. எடை கால் கிலோ அளவுதான். அதனால் நம் குரங்கின் குட்டி வடிவம் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். பிரிந்து சுமார் 4 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

மூக்கைப் பார்த்தாலே தெரியும். நம் குரங்குக்கு நாசித் துவாரங்கள் நெருக்கமாக, கீழ்நோக்கி இருக்கும். மார்மோசெட்டுக்கு விலகி, பக்கவாட்டில் இருக்கும். நம்முடையது கிடைத்ததைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு ஓடிவிடும். மார்மோசெட்டுக்குக் கன்னப்பை இல்லை. மரப்பட்டையைப் பல்லால் துளைத்துப் பிசினை நக்கும். பட்டையைப் பற்றிக்கொள்ள வசதியாக அதன் விரல்களில் கூர்நகங்கள். நம் குரங்கு வழக்கமாக ஒரு குட்டி போடும். தாயே வயிற்றோடு சுமக்கும். மார்மோசெட் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். அப்பாவும் அண்ணன் அக்காக்களும் மாறி மாறிச் சுமப்பார்கள். அப்படிப்பட்ட கூட்டுக்குடும்பப் பிராணியைத் தனியே கூண்டில் வைத்துப் பழமும் பிஸ்கட்டும் கொடுத்தால் அது நோயில் விழும்.

செல்போனில் விரலைக் கட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் குரங்கைப் பார்த்து, 'என்ன விலை?' என்று ஒருவர் கேட்பதில்தான் அந்தப் பெட்டியின் பயணம் தொடங்குகிறது.

குரங்கு பார்க்க ஆசையா? கிண்டியில் இறங்கினால் போதும். கையிலிருக்கும் தின்பண்டத்தை மட்டும் பைக்குள் வைத்துவிடுவது நல்லது.