உறைந்த கனியும் பொறுமையும்

கதிர்வீச்சுச் சிகிச்சையால் வாய் புண்ணாகி, என் தாயார் கஞ்சியையும் மறுத்துவிட்ட நாட்கள் அவை. கனிந்த 2 வாழைப்பழங்களை வில்லைகளாக நறுக்கி, இரவு முழுவதும் உறைய வைத்தேன். காலையில் மிக்ஸி சுழல மறுத்தது. அவசரப்பட்டு ஒரு கோப்பைப் பாலை ஊற்றினேன். கூழ் நீர்த்துப்போயிற்று, முதல் மிடற்றிலேயே அவர்களுக்குப் புரையேறியது. என் அவசரத்தை எண்ணி வெட்கப்பட்டேன்.

மறுநாள் வில்லைகளை 5 நிமிடம் வெளியே வைத்து, 3 மேசைக்கரண்டிப் பால் மட்டும் சேர்த்தேன். சற்று அரைப்பதும், நிறுத்தி ஓரங்களை வழித்துவிடுவதுமாகப் பொறுத்திருந்தேன். கரண்டியில் நிற்குமளவு கெட்டியாக வந்தது. தாயார் ஸ்தோத்திரம் சொல்லி, கிண்ணத்தைக் காலியாக்கினார்கள்.

பிரியமானவர்களே, இறுகிய உள்ளமொன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அது தானே இளகும்வரை சற்றுக் காத்திருங்கள்.