எங்களில் ஒருத்தி காசு கட்டிப் படிக்கிறாள்

நாங்கள் நாலு பேர். கிளிநொச்சியில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே ரியூசன் கொட்டில், ஒரே வாங்கு. உயர்தரத்தில் நாலு பேருமே பயோ எடுத்தோம். ஏன் எடுத்தனீங்கள் என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ வந்தது. எங்கட ஊரில் விஞ்ஞானத்துக்கு ஏ என்றால் பயோ, பயோ என்றால் டொக்டர்.

இப்போது எங்களில் மூன்று பேர் அரச பல்கலைக்கழகம் ஒன்றின் கலைப்பீடத்தில் இருக்கிறோம். மற்றவள் கொழும்பில், தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் காசு கட்டி உயிரியல் படிக்கிறாள். இதை எழுதப்போகிறோம் என்று அவளிடம் கேட்டோம். "எழுதுங்கோடி, பேரை மட்டும் போடாதேங்கோ" என்றாள்.

உயர்தர உயிரியல் எங்களுக்குக் கொப்பியில்தான் நடந்தது. இழையுருப்பிரிவை எத்தனை தரம் கீறியிருப்போம்! முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முகவவத்தை, ஈற்றவத்தை. நாலு வட்டம், உள்ளே நிறமூர்த்தங்கள், பக்கத்தில் பெயர்கள். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் கீறுவோம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி ஒன்று இருந்தது. ஆனால் எப்பவும் பூட்டின அலுமாரிக்குள்தான். உடைந்தால் ஆர் பதில் சொல்லுறது என்று சேர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

இசட் புள்ளியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விஞ்ஞானப் பாடநெறிகளில் 40 வீத இடங்கள் நாடு முழுவதற்குமான திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கிறது. அப்படி இருந்தும் முதல் தரமும் காணாது, இரண்டாம் தரமும் காணாது. பல்கலைக்கழகம் போக மூன்று தரம்தான் எழுதலாம். நாங்கள் மூன்று பேர் கடைசித் தரத்துக்குத் தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம் என்று மாறினோம். "ஆட்ஸோ?" என்று இழுத்த மாமிமாருக்கு இப்போதும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அவள் மாறவில்லை. மூன்றாம் தரமும் பயோ எழுதினாள். மூன்று பாடமும் சித்தி, ஆனால் வெட்டுப்புள்ளிக்குக் கீழே. "பேசாமல் எங்களோட ஆட்ஸ் எடுத்திருக்கலாமே" என்று கேட்டோம். "எனக்கு டொக்டராக வேணாம். எனக்கு இந்தப் பாடம் பிடிச்சிருக்கு" என்றாள். மூன்று தரம் பரீட்சை எழுதிய எங்கள் கூட்டத்தில், பிடிச்சிருக்கு என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம். அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. சுவிஸில் இருக்கிற சித்தப்பா கொஞ்சம் அனுப்பினார். அவள் கொழும்புக்கு பஸ் ஏறினாள்.

முதல் செமஸ்டரில் பொது உயிரியல். எல்லாம் ஆங்கிலத்தில். நாங்கள் பாடமாக்கிய கலம் அங்கே செல், இழைமணி மைட்டோகொண்ட்ரியா, நொதியம் என்ஸைம். தெரிந்த விசயத்தையே தெரியாத ஆள் மாதிரி இருந்து கேட்க வேண்டியிருக்கு என்று அழுதாள். பிறகு ஒரு நாள் பின்னேரம் வீடியோ கோல் எடுத்தாள். வெங்காய வேர்நுனியை வெட்டி, அமிலத்தில் சூடாக்கி, சாயம் போட்டு, வழுக்கியில் வைத்து நசித்துப் பார்த்தாளாம். "எடியே, நாங்கள் கீறின நாலு வட்டமும் உண்மையா இருக்குதடி! ஆனா தேடித்தான் பிடிக்கோணும். முக்கால்வாசிக் கலங்கள் இடையவத்தையிலதான் நிக்குது." நாங்கள் கொப்பியில் இடையவத்தைக்கு ஒரு வரிதான் எழுதுவோம். கலம் தன் டீ.என்.ஏ.யை இரட்டிப்பாக்குவது அதற்குள்தான். வாழ்நாளில் பெரும்பகுதியும் அதிலேயே போகும். பரீட்சைக்கு அது பெரிதாக வராது, அதனால் நாங்கள் பார்த்ததுமில்லை.

இனி எங்களுக்குக் கஷ்டமான பகுதி. 2017இல் மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராகப் பல்கலைக்கழக மாணவர்கள் வீதிக்கு வந்தபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கம்பஸ் வந்தபிறகு அப்படியொரு போராட்டத்தில் நாங்களும் நின்றோம். இலவசக் கல்வியைக் காப்போம் என்று கத்தினோம். எங்கள் கையிலிருந்த பதாகையில் 'காசுக்குப் பட்டமா?' என்று இருந்தது. படம் முகநூலில் வந்தது. அவள் அதற்கு ஒரு ஹார்ட் போட்டாள். பிறகு தனியாக அனுப்பினாள்: "எழுத்து நல்லா இருக்கு. ஆர் எழுதினது?"

எங்களில் ஒருத்திதான் எழுதினது. மூன்று நாள் பதில் போடவில்லை.

இலவசக் கல்வி இல்லையென்றால் நாங்கள் மூன்று பேரும் இன்றைக்குப் புடவைக்கடையில் நின்றிருப்போம். விடுதியும் மகாபொலக் காசும்தான் எங்களைக் கொண்டுபோகிறது. அதனால் இனியும் வீதிக்குப் போவோம். கல்வியை விற்கக்கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் தகுதி பெறுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இடமில்லை என்று வெளியே விட்டது அரசு. நாங்கள் கேள்வி கேட்டதோ, காப்பை அடகு வைத்துப் படிக்கிற பிள்ளையிடம். அவள் காசு கொடுத்தது பட்டத்துக்கு மட்டுமில்லை, பள்ளிக்கூடத்தில் பூட்டிக் கிடந்த அந்த நுணுக்குக்காட்டிக்கும்தான். அது எங்கள் நாலு பேருக்கும் சும்மா கிடைத்திருக்க வேண்டியது.

நாலாம் நாள் கோல் எடுத்துச் சொன்னோம். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த முறை ஆய்வுகூடத்துக்கும் ஒரு பதாகை பிடியுங்கோ" என்றாள்.

பதாகைக்கு முதல் இன்னொரு வேலை இருக்கிறது. வருகிற லீவுக்கு நாலு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போய், அந்த அலுமாரியைத் திறக்கச் சொல்லி சேரிடம் கேட்கப்போகிறோம். உடைந்தால் நாங்கள் பதில் சொல்கிறோம். வேர் வருவதற்கு வெங்காயத்தை மூன்று நாலு நாள் முன்னமே தண்ணியில் வைக்க வேண்டுமாம். அதையும் அவள்தான் சொன்னாள்.